மச்சானைச் சுவரில் ஒட்டிய விவகாரம்

நெளுக்குளம், வவுனியா.
2006 பங்குனி, வெள்ளிக்கிழமை.

மல்லாவியில் வீற்றிருக்கும் மகாகனம் பொருந்திய மச்சான் சுடலைமுத்து அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவனும் சங்கக்கடையின் முன்னாள் மனேஜருமாகிய வீரையா பணிவோடு எழுதுவது.

அம்மாளாச்சி புண்ணியத்தில் இங்கே நான் சுகம், மகள் அனோஜா சுகம், செவலைப் பசு சுகம். தங்கள் தங்கை சுப்பம்மா மட்டும் சுகமில்லை. வருத்தம் உடம்பில் அல்ல, என்மேல். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் டிராக்டரும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தாங்கள் கும்பிடும் அதே அம்மனைத்தான் நானும் கும்பிடுகிறேன் என்பதைத் தாங்கள் மறக்கக்கூடாது. தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனி நீங்கள் என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டது என்று இதற்கும் ஒரு கோபம் வேண்டாம்.

விசயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த நீங்கள், இலை போட்டிருக்க, கோழிக்கறி இறக்கியிருக்க, கை நனைக்காமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டீர்கள். போகும்போது, “கல்யாணத்துக்கு என்னை எதிர்பாக்க வேணாம், தாய்மாமன் வேலைய அந்தப் பொட்டியே பாத்துக்கிடட்டும்” என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அந்த வார்த்தையால் வைகாசியில் வைத்திருக்கும் கல்யாணம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. மாமா கைபிடித்துக் கூட்டிவராமல் மணவறைப் பக்கமே வரமாட்டேன் என்று அனோஜா சொல்லிவிட்டாள். அண்ணன் வராத கல்யாணத்துக்குத் தான் எதற்கு என்று சுப்பம்மா கேட்கிறாள். மாப்பிள்ளை வினோதன் நல்ல பிள்ளை, அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவனுடைய தகப்பன் முத்துலிங்கம் எல்லாவற்றையும் கேட்கிறார். அந்தக் கொம்பியூட்டரைத் தவிர இந்த வீட்டில் கண்ணீர் விடாதவர் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிவரைக்கும் வாசிக்க வேண்டும். பாதியில் எழும்பிப் போகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

அந்தப் பெட்டி வந்த விதம் உங்களுக்குத் தெரியும். அனோஜா வவுனியா டவுனில் கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறாள் அல்லவா, அங்கே புதிது வாங்கியபோது பழையதில் ஒன்றை இவளுக்குக் கொடுத்தார்கள். முன் அறையில் மேசை போட்டு, மேசைக்குச் சீலை விரித்து, பெட்டிக்கும் ஒரு உறை தைத்துப் போட்டோம். தைப்பொங்கல் வரைக்கும் அது புது மருமகள் மாதிரி வாய் திறக்காமல் இருந்தது. பிறகு ஒருநாள் அனோஜா குசினிக்குள் வந்து, “அப்பா, பழைய விண்டோசைக் கழட்டிப்போட்டுப் புதுசு போட்டிட்டன். அப்டேட் பண்ணியாச்சு, இனி நல்ல வடிவா இருக்கும்” என்றாள். விண்டோ என்றால் யன்னல் என்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவன் இல்லை. எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். முன் யன்னல் பழையது. அறை யன்னலும் பழையது. குசினி யன்னல் கறையான் அரித்தது அரித்தபடியே நிற்கிறது. “எந்த யன்னலடி மாத்தின நீ?” என்று கேட்டதற்குத் தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் செவலை வெருண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் எனக்கு இனி மரியாதை இருக்காது என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்தப் புது யன்னலைத் திறந்தால் என்ன தெரிந்தது தெரியுமா மச்சான்? மலை. பச்சைப் பசேலென்று ஒரு மேடு, மேலே நீல வானம், வெள்ளை மேகம், ஒரு மனுசரும் இல்லை. சுப்பம்மா புடைத்துக்கொண்டிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தாள். “என்னாங்க, இது நம்ம தோட்டத்து மேக்கணக்கு மலையாட்டம் இருக்கே! தேயிலையெல்லாம் எங்க? எந்தப் பாவி புடுங்குனான்?” என்றாள். அது வெளிநாட்டில் எங்கேயோ எடுத்த படம், புதிதாகப் போட்டால் எல்லாருக்கும் இதுதான் வரும் என்று அனோஜா விளங்கப்படுத்தினாள். கேட்பாளா உங்கள் தங்கை? “எல்லாருக்கும்னா? நாம அடிபட்டு எறங்கி வந்த மலைய ஊருல உள்ளவனெல்லாம் மேசையில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கானா?” என்று சண்டைக்கே போய்விட்டாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயுமாக ஓடி வந்தவன் நான். இத்தனை வருசம் கழித்து அந்த மலை என்னைக் கேட்காமல் என் முன் அறைக்கு வந்து குந்திக்கொண்டது. பின்னாலேயே கங்காணியும் வந்து பேர் கூப்பிடுவானோ என்று இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. “சரி அம்மா, மலையை எடுத்துப்போட்டு எங்கட ஆக்களின்ர படத்தைப் போடுறன்” என்று அனோஜா சொன்னதுதான் ஆரம்பம்.

இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள் மச்சான், முழு வழக்கும் இதிலேதான் நிற்கிறது. கொம்பியூட்டரில் படத்துக்கு இரண்டு விதமான மரியாதை இருக்கிறது. ஒன்று வோல்பேப்பர். மற்றது ஸ்கிரீன் சேவர். சேவர் என்றதும் தாடி மழிக்கிற ஏதோ என்று நினைத்து நான் நாடியைத் தடவினேன், அது வேறு பகிடி. யாரும் கை வைக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் அந்தப் பெட்டி சும்மா இருக்காமல் உள்ளே இருக்கிற படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும், அதுதான் ஸ்கிரீன் சேவர். பக்கத்தில் வயரோடு கிடக்கிற மவுசை ஒரு தட்டுத் தட்டினால் அந்தக் கூட்டம் அவ்வளவும் ஓடிவிடும், அடியில் நிரந்தரமாக இருக்கிற ஒரே ஒரு படம் வந்து நிற்கும். அந்த நிரந்தரப் படம் வோல்பேப்பர். தோட்டத்துப் பாசையில் சொன்னால் வோல்பேப்பர் பேர் பதிந்த ஆள், மற்றது அன்றாடக் கைக்காசுக்கு வந்த ஆள். வோல்பேப்பராக யாரைப் போடுவது என்று அனோஜாவுக்கு முடிவு வரவில்லை. ஆகவே மலையை அப்படியே விட்டுவிட்டு, அலுமாரிக்குள் கிடந்த அல்பத்தையெல்லாம் வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொம்பியூட்டருக்குள் ஏற்றிக்கொண்டு வந்து, முதலில் ஸ்கிரீன் சேவரை ஓடவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. பின்னேரமானால் அயலட்டை முழுக்க முன் அறையில். ரீவியில் யாரோ அழுகிறார்கள், இங்கே நாங்களே வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பக்கத்து வீட்டு ராசுவை உங்களுக்குத் தெரியும், மிளகாய்த் தோட்டக்காரன். அவன் ஒரு படத்தில் வருகிறான், அதுவும் முழுதாக இல்லை, அனோஜா பெரியபிள்ளையான சடங்கில் சாம்பார் வாளி பிடித்த ஒரு முழங்கை மட்டும். அதைப் பார்க்க ஒவ்வொரு பின்னேரமும் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து குந்துவான். முழங்கை வந்ததும், “அதுதான் என்ர கை! பாத்தியளே, வாளியை எப்பிடிப் பிடிச்சிருக்கிறன் எண்டு!” என்பான். முழங்கை வராத நாட்களில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவான். யாராவது தெரியாமல் மவுசில் கை வைத்துவிட்டால் படங்கள் ஓடிவிடும், மறுபடி வருவதற்குக் காத்திருக்க வேண்டும், ஆகவே “தொடாதை! தொடாதை!” என்று எல்லாரும் ஒரே குரலில் கத்துவோம். உங்கள் தங்கைக்கு மேசை துடைக்கக்கூட அனுமதி இல்லை.

எனக்கு அந்தப் பெட்டியோடு இருந்த கோபம் வேறு. நான் சங்கக்கடையில் இருந்த காலமெல்லாம் வரிசையில் நின்று வாழ்ந்தவன் மச்சான். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, உங்கள் தங்கையே சீனிக்கு வந்தாலும் வரிசை. அவள் அதற்கு என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை, அது உங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தச் சாமானுக்கு வரிசை என்பதே தெரியாது. நினைத்த ஆளைக் கூப்பிடும். சம்பந்தி முத்துலிங்கம் என்றால் அதற்கு ஏனோ உயிர். நிச்சயதார்த்தத்தன்று வாய்க்குள் வடையோடு எடுபட்ட படம், அவர் இருமுவதற்குள் இரண்டு தரம் வந்துவிடும். செவலை கன்று போட்ட படமும் அடிக்கடி வரும். என்னை எப்போதாவது கூப்பிடும், அதுவும் குனிந்து செருப்புத் தேடுகிற படம். இது தானாக மாறிமாறி வருவது, யாரும் தெரிந்தெடுப்பதில்லை என்று அனோஜா சொன்னாள். ஒரு சனமும் நம்பவில்லை. “பெட்டிக்குத் தெரியும், ஆர் பெரிய ஆள் எண்டு” என்று சம்பந்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்தீர்கள். சம்பந்தியோடு இருந்து கல்யாணச் சடங்குகளைப் பேசி முடிக்க வந்தீர்கள். மல்லாவியில் விடியமுதல் பஸ் ஏறி, ஓமந்தையில் இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடியிலும் இறங்கி மூட்டையை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்துக் காட்டி, மருமகளுக்கு என்று உழுந்தும் ஒரு போத்தல் தேனும் கொண்டுவந்தீர்கள். அனோஜாவுக்கு அன்றைக்கு வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவாள். காலையில் போகும்போது அவள் எனக்குச் சொன்னது இதுதான்: “அப்பா, மாமா வந்தா இருக்கச் சொல்லுங்கோ. நான் வாறமட்டும் ஒருத்தரும் மவுசைத் தொடக்கூடாது. மாமாவுக்கு ஒண்டு காட்டவேணும்.” என்ன காட்டப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமும் இல்லை, எனக்கு இந்தக் கைவலியும் இல்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். நல்ல கதிரையைப் பெட்டிக்கு முன்னால் போட்டு உங்களை இருத்தினேன். பக்கத்தில் சம்பந்தி. படங்கள் ஓடின. சம்பந்தி வந்தார். சம்பந்தியின் தம்பி வந்தார். ராசுவின் முழங்கை வந்தது. செவலை வந்தது. சம்பந்தி மறுபடி வந்தார். நீங்கள் சால்வையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து இருந்து, உங்கள் முறைக்குக் காத்திருந்தீர்கள். “வருவீங்க மச்சான், இப்ப வருவீங்க” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் வந்தது, நீங்கள் வரவில்லை. முறுக்கு வந்தது, நீங்கள் வரவில்லை. செவலையின் கன்றுக்குட்டி தனியாக வந்தது. அப்போதுதான் சம்பந்தி, “என்ன சம்பந்தி, பொம்பிளையின்ர தாய்மாமனைக் காணேல்லை? மாடும் கண்டும் வந்திட்டுதே!” என்று சொல்லிச் சிரித்தார். உங்கள் முகம் கறுத்ததை நான் கண்டேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கக் கையை நீட்டினீர்கள். அந்தக் கை மவுசுக்குக் கிட்டப் போனதும், என் வாய் என்னைக் கேட்காமல், “தொடாதீங்க மச்சான்!” என்று கத்திவிட்டது. ராசுவும் கத்தினான். சம்பந்தியும் கத்தினார். களவெடுக்கப் போனவனைப் பிடித்த மாதிரி இருந்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நினைத்தது பிழை இல்லை, அப்படித்தான் இருந்தது.

நீங்கள் எழும்பி நின்று சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. “ஓமந்தையில ரெண்டு பக்கத்துக்காரனும் என் மொகத்தப் பாத்துட்டு, நான்தான்னு விட்டுட்டான் மாப்ள. ஒங்க வீட்டுப் பொட்டிக்குத்தான் என்னைத் தெரியல.” சுப்பம்மா அகப்பையோடு ஓடிவருவதற்குள் நீங்கள் படலையைத் தாண்டிவிட்டீர்கள். அவள் தெருவரைக்கும் அதே அகப்பையோடு ஓடினாள்.

பின்னேரம் அனோஜா வந்தாள். செருப்பைக் கழற்றமுதல், “மாமா பாத்தவரோ? என்ன சொன்னவர்?” என்று கேட்டாள். என்னத்தைப் பார்க்க என்று நாங்கள் கேட்டோம். அவள் போய் மவுசைத் தட்டினாள் மச்சான். சம்பந்தி வடையோடு மறைந்தார். மலையைக் காணவில்லை. பெட்டி முழுக்க, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரைக்கும், நீங்கள். போன வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனபோது எடுத்த படம். நெற்றியில் திருநீறு, ஒரு கை டிராக்டரின் சில்லில், மீசை நல்ல வடிவாக. கமெராவைக் கண்டால் கண்ணை மூடுகிற நீங்கள் கண் திறந்து எடுபட்ட படம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தூக்கம். அந்தத் தூக்கத்தையெல்லாம் அவள் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டாள், இந்தப் படத்தையும் கூட்டத்திலிருந்து எடுத்து வோல்பேப்பர் ஆக்கிவிட்டாள். பேர் பதிந்த ஆளைக் கைக்காசுக் கூட்டத்தோடு விடக்கூடாது என்று நினைத்தாளாம். கொம்பியூட்டரில் இருக்கிற சின்னச் சின்னப் படங்கள் ஒன்றும் உங்கள் முகத்தில் படக்கூடாது என்று எல்லாவற்றையும் கரையில் அடுக்கியிருக்கிறாள். குப்பைவாளிப் படத்தை மட்டும் டிராக்டரின் பின்சில்லுக்குக் கீழே வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையே எல்லாம் செய்து முடித்துவிட்டு, நீங்கள் உங்கள் கையால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆக, அன்றைக்கு அவ்வளவு நேரமும் நீங்கள் அடியில்தான் இருந்தீர்கள் மச்சான். உங்கள் கை அந்த மவுசில் ஒரு தரம் பட்டிருந்தால் போதும். படவிடாமல் தடுத்தவன் நான்.

“ஏன் பிள்ளை மாமாவைத் தெரிந்தெடுத்தனீ?” என்று பிறகு கேட்டேன். “மல்லாவிப் பாதையைத் திரும்பப் பூட்டப்போறாங்கள் எண்டு எல்லாரும் கதைக்கினம் அப்பா. பூட்டினாலும் அம்மா காலமை எழும்பி மாமாவைப் பாக்கலாம் எண்டுதான் போட்டனான்” என்றாள். அதைக் கேட்டுவிட்டுச் சுப்பம்மா குசினிக்குள் போனவள்தான், அன்றைக்கு அந்தக் கோழிக்கறியை யாரும் தொடவில்லை. ராசு மட்டும் கொஞ்சம் தொட்டான்.

இதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தத்தான் செவ்வாய்க்கிழமை மல்லாவிச் சந்தையடி ரெலிபோன் கடைக்கு எடுத்து உங்களைக் கூப்பிட்டுவிட்டது. நான் கதைத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று சுப்பம்மாவைக் கதைக்கவிட்டேன். அது நான் செய்த அடுத்த கெட்டித்தனம். லைனில் காற்றடிக்கிற சத்தம். இவள் கடை இடிந்து விழுகிற மாதிரிக் கத்துகிறாள். “அண்ணே, ஒங்கள வால்பேப்பரா போட்டிருக்காளாம் அண்ணே! வால்பேப்பரு! செவுத்துப் பேப்பரு! செவுத்துல ஒட்டுறது! ஒங்க மொகம் மட்டும் பெருசா!” என்று சொல்லி, அழுகை வந்து, அதற்கு மேல் சொல்ல முடியாமல் நிற்கும்போது லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தால் அந்தக் கடைக்காரன் சொல்கிறான், “ஐயா அவர் போயிட்டார். நான் எப்ப செத்தனான் எண்டு என்னட்டக் கேட்டவர்” என்று.

மச்சான், உங்கள் கணக்கு எனக்கு விளங்குகிறது. இந்த நாட்டில் ஒரு மனுசனின் முகத்தை மட்டும் பெரிதாக அடித்துச் சுவரில் ஒட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தங்கை அழுதுகொண்டு வேறு சொல்கிறாள். கோபித்துக்கொண்டு போனவனை இவர்கள் செத்தவனாக்கிக் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அம்மாளாச்சி மேல் ஆணையாகச் சொல்கிறேன், உங்களை ஒரு சுவரிலும் ஒட்டவில்லை. பசையே வாங்கவில்லை. பெயர் மட்டும்தான் சுவர்ப் பேப்பர், சுவரும் கிடையாது, பேப்பரும் கிடையாது. யன்னல் இல்லாததை யன்னல் என்றும், எலி இல்லாததை எலி என்றும் சொல்கிறவர்கள் வைத்த பெயர் அது. நீங்கள் நூறு வயதுவரைக்கும் இருந்து எங்களோடு கோபித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் பகிடி இல்லை. முன்னர் சண்டையால் பாதை பூட்டியிருந்த வருசங்களில் மல்லாவிப் பக்கம் குண்டு விழுந்தது என்று றேடியோவில் சொன்னால், உங்கள் தங்கை அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அறிய வழி இருக்காது, யாராவது வந்து சொல்லும்வரைக்கும் அடுப்படியில் குந்தியிருப்பாள். பாதை திறந்த நாளில் நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவள் உங்கள் கையையும் காலையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. அப்படிக் கிடைத்த அண்ணனை நான் ஒரு மவுசுக்காகக் கத்தித் துரத்திவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போது காலையில் எழும்பியதும் அவள் முதல் வேலையாகப் போய் மவுசைத் தட்டுகிறாள். உங்களைப் பார்த்து, “பாருங்கண்ணே இந்த மனுசன” என்று என்னைப் பற்றி முறைப்பாடு சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள். பாதை இன்றைக்குத் திறந்திருக்கிறது. சமாதானம் பேசப் போனவர்கள் என்ன பேசுவார்களோ, நாளைக்கு என்ன நடக்குமோ, எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. கோபத்தைக் கல்யாணம் முடிய ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒருதரம் வந்து, அந்தக் கதிரையில் இருந்து, உங்கள் கையால் தட்டிப் பாருங்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் டிராக்டருக்கு எந்தக் கண்ணூறும் படாமல் இருக்கட்டும். வயல் விளையட்டும், உங்கள் மூட்டுவலி குறையட்டும், எங்கள் வீட்டு உப்பு உங்கள் நாக்குக்கு மறுபடி கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் வரவுக்குப் படலையைப் பூட்டாமல் வைத்திருக்கும்,

உங்கள் மச்சான்,
வீரையா.

பிற்குறிப்பு:

மேலே எழுதியது ஒன்றையும் நீங்கள் வாசிக்கத் தேவையில்லை மச்சான். கடித உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. ஒரு கையில் வாளியும் மற்றக் கையில் மேசன் கரண்டியுமாக நீங்கள் வந்து நின்று, “எந்தச் செவுத்துலய்யா ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்டீர்கள். என் கையில் இருந்த பசையைப் பார்த்ததும் உங்கள் கண் சிவந்ததைக் கண்டு பயந்த மாதிரி நான் என் வாழ்க்கையில் பயந்ததில்லை. ஓமந்தையிலிருந்து நெளுக்குளம்வரைக்கும் தெருவோரச் சுவரையெல்லாம் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சந்தியில் ஒட்டியிருந்த தவராசா மாஸ்டரின் கணித வகுப்பு நோட்டீசைப் பாதி சுரண்டியும்விட்டீர்கள். மாஸ்டருக்கும் உங்களுக்கும் மீசை ஒன்றுதான், அதற்கு யார் என்ன செய்வது, அவரை நான் நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

சுப்பம்மா உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மவுசின்மேல் வைத்தாள். முத்துலிங்கம் மறைந்தார், நீங்கள் வந்தீர்கள். உங்கள் கரண்டி கீழே விழுந்தது. குனிந்து சில்லை உற்றுப் பார்த்துவிட்டு, “டிராக்டர அன்னைக்குக் கழுவாம வந்துட்டேனே தங்கச்சி” என்றீர்கள். அதற்கு அவள் அழுத அழுகையில் செவலை மறுபடி கயிற்றை அறுத்துவிட்டது.

அதெல்லாம் நல்லது. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. பெட்டி சற்று ஓய்ந்து மற்றவர்களைக் கூப்பிடப் பார்க்கிற நேரமெல்லாம் மவுசை ஒரு ஆட்டு ஆட்டி உங்களையே திரும்ப வரவழைக்கிறீர்கள். ராசு தன் முழங்கையைப் பார்க்க வந்து, காணாமல் போய்விட்டான். சம்பந்தி வந்து அரைமணி நேரம் காத்திருந்தார். அவருடைய வடை ஒருதரமும் வரவில்லை. “இந்த வீட்டில இனி எங்களுக்கு இடமில்லைப் போல” என்று சொல்லித் தேத்தண்ணீர் குடிக்காமல் இப்போதுதான் எழும்பிப் போகிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மச்சான் என்று இருக்கிற இடத்திலெல்லாம் சம்பந்தி என்று மாற்றினால் இதையே அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

நான் எழும்பி வந்து வாயால் சொன்னால் மறுபடி கத்தியதாகிவிடும். ஆகவே இதை அனோஜாவிடம் கொடுத்து முன் அறைக்கு அனுப்புகிறேன். சுப்பம்மா இலை போட்டுவிட்டாள், சோறு ஆறுகிறது. சாப்பிடுகிற கையும் வலக்கை, மவுசு பிடிக்கிற கையும் வலக்கை என்பதுதான் உங்கள் தயக்கம் என்றால் யோசிக்க வேண்டாம். நீங்கள் போய்க் கை கழுவுங்கள் மச்சான். நீங்கள் சாப்பிட்டு முடியும்வரைக்கும் அதை நான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.